ராணி அக்காவின் கையில் சிவப்பு

ராணி அக்கா உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவார். நாங்கள் மண்ணூர்பேட்டைக்குக் குடிவந்த நாளிலிருந்து இதைப் பார்த்துவருகிறேன். பூ கட்டிக்கொண்டே தூங்குவார். விரலில் நூல் சுற்றியது சுற்றியபடி இருக்கும். ரேஷன் கடை வரிசையில் சுவரில் சாய்ந்து நின்றே கண்ணை மூடிவிடுவார். வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்பவர்கள் முழங்கையைத் தொடுவார்கள், அவரும் கண்ணைத் திறக்காமல் ஓரடி நகர்வார். அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் ஏறினால் எங்கள் நிறுத்தத்தில் இறங்கியது குறைவு. நிறுத்தம் தாண்டிப் பாடியில் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட, அங்கிருந்து நடந்து வருவார். வந்து அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

"பஸ்ல ஏறுனா தாலாட்டுற மாதிரி கீது சுதா. நான் இன்னா பண்றது?"

அவருக்குத் தூக்கத்தால் போன வேலைகள் உண்டு. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டும் வேலை பார்த்தார். காலர் குவியலில் தலை வைத்துத் தூங்கியதை சூப்பர்வைசர் போனில் படம் எடுத்து லைன் முழுக்கக் காட்டினான். அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு கேண்டீனில் பாத்திரம் கழுவினார். அங்கே நின்றே செய்யும் வேலை என்பதால் கொஞ்ச காலம் ஓடியது; அதுவும் நின்றது. கடைசியில் வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து முகப்பேர் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். கிரைண்டர் சுற்றும்போது பக்கத்தில் தூங்கினால் கேட்க யாருமில்லை என்பார்.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். குறட்டை இந்தப் பக்கம் கேட்கும். ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும் குறட்டை சட்டென்று நிற்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியது போல ஒரு பெரிய இழுப்பு, மறுபடி குறட்டை. "ராணியக்கா கியர் மாத்துறாங்க" என்பார் என் வீட்டுக்காரர். அக்காவிடமே சொல்லியிருக்கிறார். அவரும் சிரித்தார். இந்தச் சந்தில் நன்றாகத் தூங்கும் ஒரே ஆள் ராணி அக்காதான் என்று எல்லோரும் நம்பினோம். அவரும் நம்பினார்.

அவர் வீட்டுக்காரர் மதுரைவீரன் அண்ணன் கார் ஓட்டுகிறவர். எஸ்டேட்டில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை விடியற்காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏற்றி இறக்குவது அவர் வேலை. மகள் சுவேதா பி.காம். சேர்ந்த வருடம் அந்தச் சம்பளம் போதவில்லை. ராத்திரியில் நண்பர் ஒருவருடைய காரை வாங்கி ஏர்போர்ட் சவாரி போக ஆரம்பித்தார். சவாரிக்கு நடுவே காரிலேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வார். அவரை வேலைக்கு வைத்திருந்த டாக்ஸி கம்பெனி ஆபீசுக்கு இது தெரியாது.

போன வருடம் ஆடி மாதம் அந்த ஆபீசில் டிரைவர்கள் எல்லோருக்கும் கையில் கட்டும் ஒரு கறுப்பு ரப்பர் பட்டையைக் கொடுத்தார்கள். மணி காட்டாது, ஆனாலும் எல்லோரும் அதை வாட்ச் என்றுதான் சொன்னார்கள். உள்பக்கம் பச்சை விளக்கு மினுக்கும். கட்டிக்கொண்டு தூங்கினால் எவ்வளவு நேரம் தூங்கினோம், நெஞ்சு எப்படித் துடித்தது, உடம்பு களைப்பிலிருந்து மீண்டதா இல்லையா என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுமாம். காலையில் போனில் நிறம் வரும். பச்சை வந்தால் வண்டி எடுக்கலாம். மஞ்சள் வந்தால் ஜாக்கிரதை. சிவப்பு தொடர்ந்து வந்தால் அன்றைக்கு வண்டி கிடையாது, கூலியும் கிடையாது. எங்கேயோ ஒரு டிரைவர் கண் அசந்து விபத்தானதால் இந்த ஏற்பாடு என்றார்கள். சரியான ஏற்பாடுதான். ஆனால் ராத்திரி முழுக்க ஏர்போர்ட்டில் இருப்பவருக்குப் பச்சை எங்கிருந்து வரும்?

பட்டை கொடுத்த அன்று சாயங்காலம் நான் வாசலில் உட்கார்ந்து ஒரு புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பட்டையை எடுத்து வந்து அக்காவின் கையைப் பிடித்தார்.

"இந்தாமே, இத கட்டிக்கினு படு. காலைல கழட்டிக் குடு."

"இன்னாயா, கல்யாண நாளுக்குக் கூட ஒன்னும் வாங்கித் தரல, இப்ப இன்னா வாட்ச்சு?"

"உனக்கில்ல, எனக்கு. நான் தூங்க வேண்டியத நீ தூங்கணும். இந்த ஏரியாவுலயே தூக்கத்துல டிகிரி வாங்குனவ நீதான்."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பாத்தியா சுதா? இத்தினி நாளு தூங்குமூஞ்சின்னு திட்டுன மனுசன். இப்ப என் தூக்கம் இவுருக்கு சோறு போடப்போவுது."

மறுநாள் காலையில் சிவப்பு வந்தது.

புது வாட்ச், பழகும் என்றார் அண்ணன். அடுத்த நாளும் சிவப்பு. அக்காவின் இடது கை நிறைய அம்மன் கோயிலில் போட்டுக்கொண்ட கண்ணாடி வளையல்கள். அவை இடித்துத்தான் விளக்கு தோலில் படவில்லை என்று முடிவு செய்தார்கள். ஆடி மாதத்தில் சுமங்கலி கையை வெறுமையாக வைப்பதா என்று அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. கையில் சோப்பு தடவி ஒவ்வொன்றாகக் கழற்றி எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றினார். ஒரு வளையல் உடைந்தது. அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அவுருக்கு ஒன்னும் ஆவக் கூடாது" என்று சொல்லிக்கொண்டார்.

வளையல் இல்லாத கையிலும் சிவப்புதான் வந்தது.

ஆபீசில் கிரண் என்று ஒரு பையன் இந்தக் கணக்கைப் பார்ப்பவன். அவன் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறான். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கத்தினார்.

"அந்தப் பொடியன் இன்னா கேக்குறான் தெரியுமா? 'அண்ணா, நைட்டு சரக்கு போடுறீங்களா? நெஞ்சு ஓடுற ஓட்டத்தப் பாத்தா அப்டித்தான் கீது'ன்றான். பீரு கூட மோந்து பாக்காத மனுசன் நான். உன்னால குடிகாரன் ஆயிட்டேன்!"

"நான் இன்னாயா பண்ணேன்? படுத்தேன், தூங்குனேன்."

"டிவி பாத்தியா?"

"சாமி சத்தியமா இல்ல."

"அப்ப இன்னாத்தத் தூங்குற நீ?"

அக்கா முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அவர் தூங்குவதற்குப் படாத பாடு பட்டார். மத்தியானத்துக்கு மேல் டீயை விட்டார். விடாமல் பார்த்த சீரியலை விட்டார். சூடாகப் பால் குடித்துவிட்டு, விபூதி இட்டுக்கொண்டு, பட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் படுத்தார். காலையில் எழுந்தால் தலை பாறை மாதிரி கனக்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றார். அதை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. அவர் எப்போதும் சொல்வதுதான். ஒரு நாள் மாவு பாக்கெட்டுக்கு ரப்பர் போட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சது ஒன்னே ஒன்னுன்னு எல்லாரும் சொல்வீங்க. அதுவும் வரலியே சுதா."

அந்த மாதத்தில் அண்ணனுக்கு வண்டி கிடைக்காத நாட்கள் சேர்ந்துகொண்டே போயின. வேலையே போய்விடும் என்ற நிலையில் சுவேதா பட்டையை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலை பச்சை. அண்ணன் சந்திலிருந்தே கூவினார். அன்று சாயங்காலம் பரோட்டா வாங்கி வந்தார்.

"என் பொண்ணு தூக்கத்துலயாவது பாஸாயிட்டா" என்று அக்கா சிரித்தார்.

சுவேதா சிரிக்கவில்லை. "எனக்கு ஒழுங்கா வருதுன்னா வாட்ச்சு நல்லாத்தானே கீது? உனக்குதான் இன்னாவோ கீதும்மா. ஒரு வாட்டி டாக்டராண்ட காட்டிக்கினு வரலாம் வா."

"போடி. நல்லா தூங்குறவளுக்கு இன்னா வியாதி?"

"அந்த வாட்ச்சு வயசானவங்க துடிப்ப சரியா புடிக்காதாட்டம் கீது" என்றார் அண்ணன் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே. "குண்டா இருந்தா லைட்டு உள்ள போவாதுன்னு எங்க டிரைவர் ஒருத்தன் கூட சொன்னான்."

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விடும். கடைகளுக்கு மாவு போகாது. சுவேதா இன்னும் இரண்டொரு முறை சொன்னாள். பிறகு பரீட்சை வந்தது.

கார்த்திகை மாத மழையில் அது நடந்தது. நான் அன்று குமணன்சாவடியில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். மாவு எடுக்க வரும் தினேஷ் பிறகு என்னிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவன் காலையில் வழக்கம்போல வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறான். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், கண் பாதி மூடியிருக்கிறது. கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. "அக்கா, பாக்கெட்டு எடுத்துக்கினேன்" என்று சொல்லியிருக்கிறான். அவர் ஏதோ முனகியிருக்கிறார். தூக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்து, சத்தம் போடாமல் பாக்கெட்டுகளைக் கூடையில் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் நன்றாகத் தூங்கட்டும் என்று கதவையும் சாத்திவிட்டுப் போயிருக்கிறான்.

"நல்லதுன்னு நெனச்சி சாத்துனேன்கா" என்று அழுதான். அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

சுவேதா மத்தியானம் காலேஜிலிருந்து வந்தபோது கிரைண்டர் மோட்டார் கருகிய வாசனை வாசல் வரை வந்ததாம். அக்காவின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை பக்கத்திலிருந்த மாவுப் பாத்திரத்துக்குள் கிடந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில், மூளைக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு என்றார்கள். வந்த உடனே போடும் ஊசி ஒன்று உண்டாம். அதற்கான நேரம் கடந்துவிட்டது. அக்கா பிழைத்தார். வார்டில் நான் போய்ப் பார்த்த அன்று அண்ணனும் சுவேதாவும் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண் டாக்டர் வந்து அக்காவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ராத்திரியில குறட்டை விடுவாங்களா?"

"விடுவாங்க மேடம்" என்றாள் சுவேதா.

"நடுவுல மூச்சு நின்னு நின்னு வருமா? பகல்ல அடிக்கடி தூங்கி விழுவாங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவேதாவைப் பார்த்தேன். டாக்டர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார்: சிலருக்குப் படுத்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும். மூச்சு நிற்கும். மூளை பயந்து அவர்களை எழுப்பும், அவர்களுக்கே தெரியாது. ராத்திரி முழுக்க இதே நடந்தால் எட்டு மணி நேரம் படுத்தாலும் அது தூக்கமில்லை. அதனால்தான் பகலில் விழுவார்கள். நெஞ்சும் ஓய்வெடுக்காது, ரத்தக் கொதிப்பு ஏறும், கடைசியில் இப்படியும் ஆகலாம். வருடக்கணக்காக இருந்திருக்கும்.

"மேடம், அது செவப்பு காட்டிச்சு மேடம்" என்றார் அண்ணன்.

"எது?"

"வாட்ச்சு. இவ கைல கட்டுன அன்னிக்கெல்லாம் செவப்பு காட்டிச்சு. நாங்க வாட்ச்சு தப்பா காட்டுதுன்னு நெனச்சி கழட்டிட்டோம்."

"அத வெச்சு வியாதின்னு சொல்லிட முடியாதுங்க" என்றார் டாக்டர். பிறகு, "அப்பவே வந்து காட்டியிருந்தா பார்த்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அண்ணன் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"குடிக்கிறியான்னு அவன் கேட்டான்ல சுதா? அந்தக் கோவத்துல இவள இன்னா இன்னாவோ கேட்டேன். தூங்கவே தெரியலன்னு திட்டுனேன். மூச்சு முட்டிக்கினு கெடந்துக்கிறா, அவளப் போயி..." பக்கத்தில் யாரோ ஒருவர் இடம் கேட்டார், அண்ணன் நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்த வாரமே அவர் ஆபீசுக்குப் போய்ப் பட்டையை மேஜையில் வைத்துவிட்டு நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

இப்போது அவர் முகப்பேரில் ஒரு ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். ஏர்போர்ட் சவாரியை விட்டுவிட்டார். ராத்திரியில் வீட்டில்தான் இருக்கிறார். மாவு வியாபாரம் நின்றுவிட்டது. சுவேதா காலேஜுக்குப் போய்க்கொண்டு, சாயங்காலம் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அக்கா மூக்கில் காற்றடிக்கும் மெஷினை மாட்டிக்கொண்டு படுக்கிறார். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார். வலது கை வரவில்லை, வராது என்று சொல்லிவிட்டார்கள். பேச்சு கொஞ்சம் வருகிறது: தண்ணி, போதும், வா. காலையில் நான் போய்த் தலை பின்னிவிடுகிறேன். என் பெயர் அவருக்கு இன்னும் சொல்ல வரவில்லை.