வாஞ்சூருக்கு இந்தப் பக்கத்துச் சட்டம்

எனக்கு வாய் நீளம் என்று காரைக்கால் பக்கத்து எங்கள் ஊர் போலகத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். அம்மா போன பிறகு அப்பாவின் மாத்திரை, வெந்நீர், கஞ்சி எல்லாம் என் தலையில்தான். சென்னையில் இருக்கும் தம்பி போனிலேயே பாசத்தை முடித்துக்கொள்வான். பாண்டிச்சேரிக்கு மாற்றல் வேண்டுமா என்று அலுவலகத்தில் கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து எனக்கே அலுத்துவிட்டது. போலகத்து வீட்டைப் பாகம் பிரித்து, என் பங்கை விற்று, பாண்டிச்சேரியில் ஒரு வீடு பார்க்க வேண்டும். அப்பாவைத் தம்பியும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த வீட்டை விட்டு வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

மயிலாடுதுறையில் ஒரு சட்டப் புத்தகம் வாங்கினேன். பரம்பரைச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் பிறந்ததிலிருந்தே சமபங்கு என்று போட்டிருந்தது. அப்பா சாப்பிடும்போது சத்தமாகப் படித்துக் காட்டினேன். உன் தம்பியும் இதையே சொல்லித்தான் மிரட்டுகிறான், அவனைக் கேட்காமல் கூரையில் ஓர் ஓடுகூட நான் மாற்ற முடியாதாம் என்று சொல்லிவிட்டு அப்பா கை கழுவப் போனார்.

சரி, வழக்கே போடுவோம் என்று காரைக்காலில் வக்கீல்கள் நூலகத்துக்குப் போனேன். வெளியாட்களை விட மாட்டார்கள். நூலகர் என் பள்ளித் தோழியின் தம்பி என்பதால் மத்தியானத்தில் ஒரு மூலையில் உட்கார இடம் கொடுத்தார். அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தப் புத்தகம் என்று சொல்வார், என்ன செய்யலாம் என்று சொல்லவே மாட்டார். அது வக்கீல் வேலையாம்.

என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீடு எங்கே என்று கேட்டார். போலகம் என்றேன்.

"இது வாஞ்சூர் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்கு எழுதினது, அக்கா. நம்ம பக்கத்துக்கு வேற இருக்கு, படிங்க."

பிரெஞ்சுக்காரர்கள் காலத்து இந்து வழக்கத்தைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்றையும், அதை வைத்து வந்த தீர்ப்புகளின் தொகுப்பு ஒன்றையும் எடுத்து வைத்தார். இங்கே அப்பா உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகளுக்குப் பிறப்பால் பங்கு கிடையாதாம். யாருக்கு வேண்டுமானாலும் அவர் கொடுக்கலாமாம். அதை மறுத்து வாதாடியவர்களும் இருந்தார்கள், ஆனால் நான் அதற்குமேல் படிக்காமல் புத்தகத்தை மூடிவிட்டேன். குடிக்கிறவனெல்லாம் மலிவுச் சரக்குக்கு வாஞ்சூரைத் தாண்டி இங்கே வருகிறான், எனக்கு வேண்டிய சட்டம் மட்டும் அந்தப் பக்கமே நின்றுவிட்டதே என்று ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்து வாயைக் கொடுத்தேன். எனக்கும் ஒன்றும் இல்லை, உங்கள் அருமைப் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை, எல்லாம் உங்கள் இஷ்டம்தானாம் என்றேன். அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தார். அவனால் தடுக்கவே முடியாதா என்று கேட்டார். முடியாது என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். இத்தனை நாளும் அவனுக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

"உன் பேருக்கே எழுதிடுறம்மா. நீ எங்கயும் போவாம இங்கயே இரு."

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் நூலகத்தில் போய் நின்றேன். கொடுக்கிற சொத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். அலமாரிப் பக்கம் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"அதுக்குப் புத்தகம் எதுக்குக்கா? வேணாம்னு அப்பாக்கிட்ட வாயால சொன்னாப் போதும்."

அவர் எனக்குச் சொன்ன ஒரே யோசனை அது.

பத்திரம் பதிகிற அன்று அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி பத்திரப் பதிவு அலுவலகப் படியேறினார். உள்ளே அதிகாரி என்னைப் பார்த்து, உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டார். அப்பா என் கையை இன்னும் விடவில்லை.

"சம்மதங்க" என்றேன்.