பழனி அச்சாகாத நாள்

எண்பதுகளின் கடைசியில் நான் கொடைக்கானலில் கணக்கு டீச்சராக இருந்தேன். பள்ளிக் கம்ப்யூட்டரில் தமிழை அச்சடிக்க ஒரு புரோகிராம் எழுதி, கேட்ட பள்ளிகளுக்கெல்லாம் இலவசமாக ஃபிளாப்பியில் கொடுத்தேன். அது ஒரு கம்பெனியின் மென்பொருளை நம்பி ஓடியது. அவர்கள் புதுப் பதிப்பு அனுப்பும்போதெல்லாம் என் புரோகிராமில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும்.

ஒருநாள் பழனியிலிருந்து ஒரு டீச்சர் ஃபிளாப்பியோடு பஸ் ஏறி வந்துவிட்டார்.

"புதுசு போட்டதுலேருந்து 'ழ' வர்ற எடமெல்லாம் வெறும் கட்டமா கெடக்குங்க. எங்க ஊர் பேரையே அடிக்க முடியல."

"யார் புதுசைப் போடச் சொன்னது?" என்று எரிந்து விழுந்தேன்.

"கம்பெனிக்காரங்க அனுப்புனாங்க, போட்டோம். இது ஏன் கெட்டுச்சுன்னு ஒங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

அது உண்மைதான். புரோகிராமைக் கொடுத்தேனே தவிர, அது எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் சொன்னதில்லை. இருவரும் உட்கார்ந்து தேடினோம். கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண்தான்; 'ழ'வுக்கு நான் வைத்திருந்த எண்ணைப் புதுப் பதிப்பு தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தது. வேறு எண் கொடுத்ததும் சரியாயிற்று. பிறகு புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் விளக்கினேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த பதிப்பு வந்தபோது நான் பார்சலைப் பிரிக்குமுன்பே அவருடைய கடிதம் வந்தது. எதை மாற்ற வேண்டும் என்று வரி எண்ணோடு எழுதியிருந்தார். அப்படியே மாற்றிப் பார்த்தேன், ஓடியது. அந்தக் கடிதத்தையே பிரதி எடுத்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பினேன்.