சித்தேரிக்காரர் தின்ற களி

1974 நாட்குறிப்பில், மாத்திரை தொடங்கிய ஒன்பதாம் நாளுக்கு நேராக, ‘வாய் வறட்சி. மனம் அப்படியே. சித்தேரிக்காரர் மீது பொறாமை’ என்று எழுதியிருக்கிறேன்.

மனச்சோர்வுக்கான ஒரே மாத்திரையைத் தருமபுரி மருத்துவர் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் தொடங்கினார். வாய் வறளும், தூக்கக் கலக்கம் இருக்கும், மனம் தெளிய மூன்று வாரமாவது ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது என்றார். சித்தேரி மலையிலிருந்து வந்தவர் ஒல்லியான, நெடிய மனிதர். வறட்சிக்காக மடியில் நெல்லிக்காய் முடிந்து வைத்திருப்பார். ஒன்பதாம் நாள், மருத்துவமனைப் பெஞ்சில் எனக்கும் ஒன்று தந்தார்.

“நேத்து களி ருசிச்சுதுங்க. ரெண்டு உருண்டை தின்னேன்.”

“எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க. இன்னையோட நிறுத்திடப் போறேன்.”

அவர் என் நாட்குறிப்பைப் பார்த்துச் சிரித்தார். “தினம் எழுதி எழுதிப் பாத்தா மாத்திரைக்கே கூச்சமா இருக்குமுங்க.”

அந்த இரண்டு உருண்டைகள் என்னை எரித்தன. அவர் மட்டும் தேறிவிடுவதா என்ற ஆத்திரத்தில்தான் தொடர்ந்து விழுங்கினேன். இருபத்திரண்டாம் நாள் காலைக் காப்பி ருசித்தது. அவரிடம் சொல்லப் போனேன், அவர் வரவில்லை. கம்பவுண்டரிடம் சொன்னேன்.

“அவருக்கும் போன வாரந்தாங்க சோறே இறங்குச்சு” என்றார் கம்பவுண்டர்.

அப்படியானால் ஒன்பதாம் நாள் களி எனக்காகச் சொன்ன பொய்யா? கம்பவுண்டர் ஆள் மாற்றியும் சொல்லியிருக்கலாம். இதை இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.