இன்னொரு தடவை எண்ணு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் அக்காவுக்கு வராது, அவள் எதையும் மனசுக்குள் போட்டுப் பூட்டிக்கொள்வாள். பதினோரு வருஷமாக அவள் பூட்டி வைத்திருந்ததை என் கோபம்தான் திறந்துவிட்டது. அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஒரு வண்டி உதிரிபாகக் கடையின் கவுண்டரில் நின்றாள். உதிரிபாகங்களின் பத்து இலக்க எண்களெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வந்தவர் வண்டியின் பெயரைச் சொல்லி "வாட்டர் பம்ப்" என்று இழுப்பதற்குள் அட்டைப்பெட்டி கவுண்டரில் இருக்கும். மெக்கானிக்குகள் அவளை நம்பரக்கா என்றார்கள். முதலாளிக்கு மட்டும் அவள்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. வண்டி காட்டும் கோளாறு எண்ணை, மெக்கானிக்குகள் பேச்சில் 'கோடு', நம்பிச் சென்சார் வாங்க வருகிறவர்களை அவள் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிடுவாள்.

"கோடு சென்சார் பேரைச் சொன்னா சென்சார் போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. யாரு அழறாங்கன்னுதான் கோடு சொல்லும். யாரு கிள்ளினாங்கன்னு நாமதான் பார்க்கணும். முதல்ல போய் ஒயரைப் பாருங்க."

அப்படித் திரும்பிப் போனவர்களில் எதிர் ஒர்க்‌ஷாப்காரரும் ஒருவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். அரை மணி கழித்து வந்து, "துடைச்சேன். சரியாயிடுச்சு," என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். அடுத்த வாரம் மறுபடி வந்து நின்றார்.

"ஒரு உதவி. கோடு பார்க்கணும். நான் கம்பியைப் பிடிச்சுக்கணும். விளக்கைப் பார்க்க ஆள் இல்ல."

அந்தக் கால வண்டிகளில் கோடு திரையில் வராது. பானெட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதிலுள்ள இரண்டு துளைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு மின்னும். இரண்டு மின்னல், சற்று இடைவெளி, மறுபடி இரண்டு என்றால் இருபத்திரண்டு. தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் சென்சார் அழுகிறது என்று பொருள். தூக்கி நிற்கும் பானெட்டுக்குப் பின்னால் இருப்பவருக்கு விளக்கு தெரியாது. அக்கா போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எண்ணிச் சொன்னாள்.

"இருபத்திரண்டு."

"இன்னொரு தடவை எண்ணு."

எடுத்த எடுப்பிலேயே நீ, வா, போ. அக்காவுக்குச் சுருக்கென்றிருந்ததாம். ஆனாலும் எண்ணினாள். அந்த வருஷமே அவருக்கும் அக்காவுக்கும் கல்யாணம். கடைக் கவுண்டரை விட்டுவிட்டு அத்தானின் ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டாள். தெருவோடு போகிற எனக்கும் கேட்கும்: பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து "இன்னொரு தடவை", இந்தப் பக்கமிருந்து "காது கேட்கலையா உங்களுக்கு? முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு." அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு இளகும். எங்கள் வீட்டில் அதைவிடச் சந்தோஷமான சத்தம் இருந்ததில்லை.

பிறகு புது வண்டிகள் வந்தன. அத்தானும் ஒரு ஸ்கேனர் வாங்கினார். செருகினால் போதும், கோடு திரையில் எழுத்தாகவே வந்துவிடும். அக்கா ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பார்த்தாள்.

"அதான் மெஷின் வந்தாச்சே. இனி நான் எதுக்கு?"

"ம்," என்றார் அத்தான்.

அந்த 'ம்'மோடு அவள் வீட்டில் உட்கார்ந்தவள்தான். மத்தியானம் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பாள், நிற்காமல் திரும்பிவிடுவாள். ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள், "வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்டி. எண்ணுறதுக்கு மட்டும்தான் நான் வேண்டியிருந்திருக்கு போல." அந்தச் சந்தேகம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அத்தானைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் என் கிழட்டுக் காரில் என்ஜின் விளக்கு எரிந்தது. அந்த ஸ்கேனர் இதற்குப் பொருந்தாது. ஒர்க்‌ஷாப்பில் அத்தான் இல்லை, பெல்ட் வாங்க எதிர்க் கடைக்குப் போயிருந்தார். காத்திருக்க எனக்கு ஏது பொறுமை? வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். காகிதம் கோக்கும் கம்பியை நிமிர்த்தி, படத்தில் இருந்த இரண்டு துளைகளிலும் செருகிவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். அப்போதுதான் அக்கா சாப்பாட்டுப் பையோடு வந்தாள்.

"கையை எடுத்துட்டியேடி. கம்பி கழண்டுடும், யாராவது பிடிச்சுக்கணும்."

"எதுக்குப் பிடிக்கணும்? செருகினா அது பாட்டுக்கு நிக்குது."

விளக்கு மின்னியது. இரண்டு, இடைவெளி, இரண்டு. அக்கா பானெட்டுப் பக்கம் போய்க் கம்பியையே பார்த்தாள். பக்கவாட்டில் தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். மறுபடி கம்பியைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பெல்ட்டோடு உள்ளே வந்த அத்தான் கையும் களவுமாக மாட்டினார்.

"அத்தனை வருஷமும் எதைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க?" என்றாள் அக்கா.

அத்தான் பெல்ட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "சும்மாதான் நின்னேன்."

"சும்மாவா?"

"கம்பியைப் பிடிக்கணும்னு சொல்லலேன்னா கவுண்டரை விட்டு வந்திருப்பியா நீ?"

"இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு உயிரை வாங்கினது?"

"முதல் தடவையே சரியாத்தான் சொல்லுவ. நீ சொல்றதைக் கேட்கணும், அதுக்குத்தான்."

"அப்போ அந்த மெஷின் வந்தப்போ ஏன் என்னைக் கூப்பிடல?"

அத்தான் தரையைப் பார்த்தார். "கம்பிக்கு ஒரு பொய் கிடைச்சுது. மெஷினுக்கு என்ன பொய் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

ஊருக்கெல்லாம் கோடு படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் ஒரு 'ம்'மைப் பதினோரு வருஷம் தப்பாகப் படித்திருக்கிறாள். இவரோ ஒரு 'வா'வுக்குப் பதினோரு வருஷம் பொய் தேடியிருக்கிறார். இரண்டு பேரையும் நன்றாகத் திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அக்கா சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காரை எடுக்கப் போனேன். கடைசியில் ஒயர் மாட்டும் கனெக்டரில்தான் அழுக்காம், சென்சார் நன்றாகவே இருந்ததாம். அத்தான் வேறொரு வண்டிக்குள் குனிந்திருந்தார். டிரைவர் சீட்டில் அக்கா, மடியில் ஸ்கேனர்.

"என்ன வருதுன்னு படி. கண்ணாடியை வீட்டுல மறந்துட்டு வந்துட்டேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடி பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பானெட்டைச் சுற்றி எட்டிப் பார்த்த அக்காவும் அதைக் கண்டாள். என்னைப் பார்த்து வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே அடக்கினாள்.

"பி பூஜ்யம் மூணு பூஜ்யம் ஒண்ணு. முதல் சிலிண்டர் சரியா எரியல. தீப்பொறிக் காயிலை ரெண்டாவது சிலிண்டருக்கு மாத்திப் போட்டுப் பாருங்க. கோடும் கூடவே போச்சுன்னா காயில்தான் கோளாறு."

"இன்னொரு தடவை சொல்லு," என்றார் அத்தான்.

அக்கா முதலிலிருந்து படித்தாள்.