ஐந்து மணிக்குள் ஓர் ஓடிபி

போன புதன்கிழமை மதியம் மூன்றரை மணி. பக்கத்து வீட்டு நிவேதா என் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, உங்க வூட்ல நெட் கீதா? பிரவுசிங் சென்டர்ல போயிடுச்சு. காலேஜ் லிஸ்ட்ட அஞ்சு மணிக்குள்ள லாக் பண்ணணும்!"

பிளஸ் டூ முடித்துவிட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கிற பெண். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்தி அன்றைக்கே உறுதி செய்ய வேண்டும். தவறினால் அந்தச் சுற்று கையை விட்டுப் போய்விடும்.

என் வீட்டிலும் நெட் இல்லை. வல்லம் வடகால் ரோட்டில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய ஜேசிபி, கேபிளை அறுத்துவிட்டிருந்தது. போனிலும் சிக்னல் ஒரே ஒரு கோடு.

மாடியில் குடியிருக்கும் கிம்மைக் கூப்பிட்டேன். கொரியாக்காரர். ஒரகடத்தில் இன்ஜினியர். அன்று காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தார். அவருடைய சிம் வேறு கம்பெனி... நெட் இருந்தது! ஹாட்ஸ்பாட் போட்டார். லிஸ்ட் திறந்தது. எல்லாம் சரி. கடைசியில் ஓடிபி கேட்டது.

ஓடிபி யாருக்குப் போகும்? நிவேதாவின் அம்மா செல்வியின் போனுக்கு. செல்வி? கார் சீட் செய்கிற ஃபேக்டரியில், இரண்டாவது ஷிப்ட். போன்? கேட் பக்கத்து லாக்கரில். சீட் தயாராகிற லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது.

நிவேதாவை ஏற்றிக்கொண்டு காரை எடுத்தேன். கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கிம்மும் ஏறிக்கொண்டார் — நெட் அவரிடம்தானே இருந்தது!

வழியில் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். "மேடம், தோண்டு முன்னாடி... மேப் பாக்க இல்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிம் சொன்னார்: கொரியாவில் முதலில் நாடு முழுக்கக் கேபிள் போட்டார்களாம். வீட்டிலிருக்கும் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார்களாம். அரசு வேலைகள் ஆன்லைனுக்குப் போனதெல்லாம் அதற்குப் பிறகுதானாம். நாம்? ஆன்லைனுக்கு முதலில் போய்விட்டோம். கேபிள் மூச்சிரைக்கப் பின்னால் வந்துகொண்டிருக்கிறது.

விட்டுக்கொடுக்க மனசில்லை. "எங்க ஊர்ல கீரை விக்கிற அம்மாகிட்ட கூட க்யூஆர் கோடு இருக்கு, தெரியுமா?" என்றேன்.

கிம் தலையாட்டினார். பிறகு மெதுவாக, "என் அம்மா, பர்கர் கடை போனாங்க. ஆள் இல்ல. டச் ஸ்க்ரீன் மட்டும். அம்மாக்குத் தெரியாது. பசியோட வீட்டுக்கு வந்துட்டாங்க," என்றார்.

அத்தனை பக்காவாகத் திட்டம் போட்ட நாட்டில்!

ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி கையை விரித்தார். "லைன்ல கீறவங்கள நடுவுல வெளிய வுட மாட்டாங்க மேடம்."

அவ்வளவுதான், நிவேதா அழ ஆரம்பித்துவிட்டாள். செக்யூரிட்டி அவளைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். இன்டர்காமை எடுத்தார். "சூப்பர்வைசர் மேடம், செல்விக்கா பொண்ணு அழுதுகினு நிக்குது. காலேஜ் மேட்டராம்..."

நாலு முப்பத்தைந்துக்குத் தலையில் தொப்பி, கையில் கிளவுஸோடு செல்வி ஓடி வந்தாள். "இன்னாடி ஆச்சு?"

விஷயத்தைக் கேட்டதும் கிளவுஸைக் கழற்றாமலே லாக்கருக்கு ஓடினாள். சாவி லாக்கர் பூட்டில் நுழையவே இல்லை. செக்யூரிட்டிதான் வாங்கித் திறந்தார். முதல் ஓடிபி காலாவதி. இரண்டாவது வரவே இல்லை. போனை ரோட்டுப் பக்கம் தூக்கிக்கொண்டு போனாள் செல்வி. மூன்றாவது வந்தது. நிவேதா தட்டினாள். லாக்!

நாலு ஐம்பத்திரண்டு.

கிம்தான் முதலில் கைதட்டினார்.

"லைன் நின்னு போச்சா செல்வி?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. சூப்பர்வைசர் மேடம் என் எடத்துல நின்னுகினு கீறாங்க. 'சீட் கவர நான் மாட்றேன், நீ போய்ப் பொண்ணப் பாரு'ன்னாங்க." சொல்லிக்கொண்டே மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

சனிக்கிழமை சீட் வந்துவிட்டது. அரசுக் கல்லூரி, எலக்ட்ரிக்கல். செல்வி கொண்டுவந்த லட்டில் முதலாவது கிம்முக்கு. இன்னொன்றைத் தனியாகப் பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். அதை ஷிப்டுக்குக் கொண்டுபோகிற பையில் போட்டுக்கொண்டாள்.

எந்த நாட்டுத் திட்டத்திலும் கேபிள் இருக்கிறது, டவர் இருக்கிறது, சர்வர் இருக்கிறது... 'உன் இடத்தில் கொஞ்ச நேரம் நான் நிற்கிறேன்' என்று சொல்கிற ஆளை மட்டும், நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது!