எந்த மாநிலத்தில் நோயில் விழுவது

டெக்சாஸின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது நாங்கள் வசிக்கும் சிற்றூர். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வரும் வழியில் பெட்ரோல் போட்டுவிட்டுப் பணம் கொடுக்க உள்ளே போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜாடி. அதன்மேல் என் பக்கத்து வீட்டுக்காரர் ராயின் புகைப்படத்தை ஒட்டியிருந்தார்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில், தெரிந்தவர் படத்தை இப்படித் திடீரென்று கடைவாசலில் பார்த்தால் அது கண்ணீர் அஞ்சலியாகத்தான் இருக்கும். "எப்போது இறந்தார்?" என்று கேட்டேன். கல்லாவில் நின்ற பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். "இன்னும் சாகவில்லை, ஹனி. இன்சுலினுக்குப் பணம் சேர்க்கிறோம்" என்றாள். ஜாடியின் அடியில் சில்லறையும் கசங்கிய நோட்டுகளும் கிடந்தன.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் "அமெரிக்காவுல எல்லாம் எப்படி?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறார்கள். எந்த அமெரிக்கா என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். நாங்கள் முதலில் இருந்தது நியூஜெர்சியில். வாடகையே சம்பளத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். மாநில வருமான வரி, பாலத்துக்கு டோல், காய்கறி என்று மிச்சமும் கரையும். என் மனைவி செல்வி ஒரு பேக்கரியில் வேலை பார்த்தாள். அவள் சம்பளத்தில் மாதாமாதம் ஏதோ ஒரு மாநில நிதிக்குப் பிடித்தம் போகும், எரிச்சலாக இருக்கும். கர்ப்பப்பையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை முடிந்து அவள் படுத்துக் கிடந்தபோது, அந்த நிதியிலிருந்துதான் சம்பளத்தின் பெரும்பகுதி வீடு தேடி வந்தது. பிறகு எனக்கு டெக்சாஸில் கணக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. இங்கே நியூஜெர்சி வாடகையைவிடக் குறைந்த தவணையில் தனி வீடு, பின்னால் பெக்கான் கொட்டை மரம், மாநில வருமான வரி கிடையாது. தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம். வீட்டுவரி வந்தபோது கொஞ்சம் முழித்தோம். பஸ் இல்லாத ஊரில் கார் பழுதானால் வேலையும் போகும் என்று தெரிந்தபோது இன்னும் கொஞ்சம். நோய் வந்து படுத்தால் சம்பளம் தரும் அந்த நிதி இங்கே இல்லை என்பதைச் செல்விதான் முதலில் கவனித்தாள். அங்கே நம்மிடம் பிடுங்கிக்கொண்டார்கள், விழுந்தபோது பிடித்தார்கள். இங்கே எல்லாவற்றையும் நம் கையிலேயே கொடுத்துவிட்டு, விழுந்தால் உன் பாடு என்கிறார்கள்.

ராய் கூரை வேலை செய்கிறவர். அறுபதை நெருங்கிய தனிக்கட்டை. சர்க்கரை நோய். காலில் ஆணி குத்திய புண் ஆறவில்லை, அதனால் ஏணி ஏற முடியவில்லை, அதனால் வேலை இல்லை. அரசு மானியத்தோடு காப்பீடு வாங்கலாமே என்றால், அதற்கு வருமானம் போதாதாம். ஏழைகளுக்கான மருத்துவ அட்டை வாங்கலாமே என்றால், பிள்ளைகுட்டி இல்லாத, உழைக்கும் வயதுக்காரருக்கு இந்த மாநிலத்தில் அது கிடையாதாம். ஒன்றுக்கு அவர் மிகவும் ஏழை. இன்னொன்றுக்கு அவர் தகுந்த ஏழை இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். இன்சுலினைப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டிருந்தார். கிழக்கே சற்றுத் தூரம் காரில் போனால் லூசியானா; அங்கே இதே நிலையில் இருப்பவருக்கு அட்டை உண்டு. ராயின் தங்கை லிண்டா அங்கேதான் இருக்கிறாள். "அங்கே போய்க் குடியிருங்கள்" என்றேன். "இது என் தாத்தாவின் நிலம். கை நீட்டுவதற்காக இதைவிட்டுப் போகமாட்டேன்" என்றார் ராய்.

அரசாங்கத்திடம் வாங்குவதில் கேவலம் இல்லை என்று அவருக்குப் புரியவைக்க என் அப்பாவின் கதையைச் சொன்னேன். அப்பா பண்ணையாள். மயிலாடுதுறையை மாயவரம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுவடைக்கு யாரும் இறங்கவில்லை. மிராசுதார் கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து ஆள் கொண்டுவந்தார். ஒரு காலையில் அவருடைய காரியக்காரர் எங்கள் குடிசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அறுப்புக்கு வரலேன்னா குடிசையப் பிரிச்சிக்கிட்டுக் கிளம்பு. மனை பண்ணையோடது."

"பொறந்ததுலேருந்து இங்கதாங்க கெடக்கறேன். எங்க போவச் சொல்றீங்க?" என்றார் அப்பா.

அம்மா அப்போது நிறைமாதம். தம்பி வயிற்றில். அவள் வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள். "இடிக்கறதுன்னா என்மேல இடிங்க" என்றாள். பின்சுவரை இடித்தார்கள். அப்பாவை அடித்தார்கள். இடிந்த சுவருக்குத் தென்னங்கீற்றை வைத்துக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தோம். கழக ஆட்சியில், குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்தது. பட்டா கிடைத்தது. அதற்கப்புறம் கூலி கேட்டால் கிளம்பு என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அந்தக் கையகல மண்ணில் நின்றுதான் நான் படித்தேன். அரசு விடுதியில் சாப்பிட்டேன். உதவித்தொகையில் காலேஜ் முடித்தேன்.

ராய் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "ஆக, அந்த ஆளின் நிலத்தை அரசாங்கம் பிடுங்கி உன் அப்பாவுக்குக் கொடுத்தது."

"ஆமாம்."

"எங்கள் ஊரில் அதற்குத் திருட்டு என்று பெயர்" என்றார். குரலில் பகை இல்லை. என் தோளில் தட்டினார். "ஆனால் உன் அப்பா அடிவாங்கியும் கிளம்பவில்லை, பார். நானும் கிளம்பமாட்டேன்."

எதற்காக நான் அந்தக் கதையைச் சொன்னேனோ, அதற்கு நேர் எதிராக அவர் அதை எடுத்துக்கொண்டார். மண்ணைவிட்டு நகராததால் நாங்கள் பிழைத்தோம். நகர்ந்தால்தான் இவர் பிழைப்பார். இதை எந்த இங்கிலீஷில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் வந்தது. புண்ணிலிருந்து வாடை வர ஆரம்பித்தது. பிறகு காய்ச்சல். ஒருநாள் செல்வி ரசம் எடுத்துக்கொண்டு போனவள், கட்டிலில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டாள்: "நீ செத்தால் நிலம் அழாது, ராய்." அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார். செல்வி அவருடைய துணிகளை ஒரு பையில் அடைத்தாள். லிண்டாவுக்குப் போன் செய்துவிட்டு நான் காரை எடுத்தேன். போய்ச் சேர்ந்தபோது லிண்டா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர்களுடைய அப்பா இறந்தபின் சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணனும் தங்கையும். அவள் அண்ணனைக் கையைப் பிடித்து இறக்கினாள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். லிண்டாவின் முகவரியில் அட்டைக்கு அங்கேயே ஏற்பாடு செய்தார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

போன வாரம் நானும் செல்வியும் லிண்டா வீட்டுக்குப் பார்க்கப் போயிருந்தோம். ராய் சக்கர நாற்காலியில் இருந்தார். முகம் தெளிந்திருந்தது. மருந்து வேளாவேளைக்கு வருகிறது. செயற்கைக் காலுக்கு அளவெடுத்திருக்கிறார்கள். டெக்சாஸுக்குத் திரும்பிக் குடிவந்தால் அட்டை போய்விடும், அதனால் வரமாட்டார். "என் வீட்டுப் புல்லை யார் வெட்டுகிறார்கள்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "வேலியோரம் பார்த்து வெட்டு, பாம்பு இருக்கும்" என்றார்.

திரும்பும் வழியில், நமக்கும் வயதாகிறது என்று செல்வி யோசிப்பது எனக்குத் தெரிந்தது. நியூஜெர்சிக்குத் திரும்ப வசதி இல்லை. ஊரில் அப்பாவின் மனையில் தம்பி வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். அவனிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறது, முடியாமல்போனால் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது. எங்கள் பெயரை ரேஷன் கார்டிலிருந்து எப்போதோ எடுத்தாயிற்று. இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே ஓடும் ஆற்றின் பாலத்தில் ஏதோ வேலை நடந்துகொண்டிருந்தது, வண்டிகள் நின்றுவிட்டன. எங்கள் காரும் பாலத்தின் நடுவில் நின்றது. கீழே புதுவெள்ளம் செம்பழுப்பாகச் சுழித்துக்கொண்டு போயிற்று.

"ஏங்க, இப்ப இந்த எடத்துல நமக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, எந்தப் பக்கம் தூக்கிட்டுப் போவாங்க?" என்றாள் செல்வி.

நான் முன்னால் பார்த்தேன். கண்ணாடியில் பின்னாலும் பார்த்தேன். இரண்டு பக்கமும் கரை ஒன்றுபோலத்தான் இருந்தது. வண்டிகள் நகர ஆரம்பித்தன; நான் டெக்சாஸ் பக்கமாகக் காரை எடுத்தேன்.