தம்பிக்கு வேணுமாம்

என் தம்பி பிறந்த புதிதிலேயே அவனுக்குப் பேசத் தெரியும் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். அவன் பேசுவது அம்மாவுக்கு மட்டும்தான் கேட்கும். அவள் எனக்கு எடுத்துச் சொல்வாள். எனக்கு அப்போது மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. அந்த வயசு நினைவிருக்குமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சிலது அத்தை பின்னால் சொன்னது, மற்றதெல்லாம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்பது.

ஜெர்மன் சண்டைக்கு முந்திய காலம். நாங்கள் ஆழ்வார்குறிச்சியில் இருந்தோம். அப்பாவுக்கு விக்கிரமசிங்கபுரத்தில் மில்லு வேலை. அங்கேயே தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். வீட்டை ஆண்டவள் அப்பாவின் அக்காள், என் அத்தை. நான் பிறந்தது சாத்தான்குளத்தில், அம்மாவின் தாய்வீட்டில். தம்பிக்கும் அங்கே போவதாகத்தான் பேச்சு. அதற்குள் பங்குனி மாதம் அம்மாவைப் பெற்ற ஆச்சி இறந்துபோனாள். நிறைமாதக்காரி இழவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று அம்மாவை அனுப்பவில்லை. அப்பா மட்டும் போய்விட்டு வந்து, புறவாசலில் குளித்துவிட்டு உள்ளே நுழைந்தார். அடுத்த மாதமே தம்பி பிறந்தான். பச்சை உடம்புக்காரி அழுதால் பால் வற்றிப்போகும் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அதற்குப் பிறகு அம்மா அழுததும் இல்லை.

அவளும் தம்பியும் கிடந்த உள்ளறையில் சன்னல் கிடையாது. சாம்பிராணிப் புகையில் பகலும் சாயங்காலம் மாதிரி இருக்கும். அத்தை சோற்றை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அம்மாவோடு பேச மிஞ்சியது நான் ஒருத்திதான். நானோ பேசவிட்டால் கேள்வியாகவே கேட்கிறவள். தம்பி பால் குடிக்கும்போது எனக்கு இருப்புக் கொள்ளாது. பால் எப்படி அம்மாவுக்குள்ளே போனது? யார் ஊற்றுகிறார்கள்? தீர்ந்துபோனால்? ஒருநாள் அம்மாவின் முதுகுப் பக்கம் போய், ஊற்றுவதற்கு எங்கேயாவது வழி இருக்கிறதா என்று தடவிக்கூடப் பார்த்தேன்.

“கூச்சங்காட்டாதட்டீ. நான் திங்கதுதான் அவனுக்குப் பாலாப் போவுது” என்றாள் அம்மா.

இது எனக்குப் பெரிய சமாசாரமாக இருந்தது. அம்மா தின்றதோ பூண்டும் மிளகும் சுட்ட கருவாடும். மூன்று வேளையும் அதுவே. பாவம், தம்பிக்கும் அதுதானே! அன்றைக்கு என் கையில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்ட மாங்காய்க் கீற்று இருந்தது. அவன் வாயில் வைக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் வாயில வைக்காத. என் வாயில வை. அவனுக்குப் போயிரும்.”

வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றாள். தோலைக்கூட விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “தம்பி இன்னும் கேக்கான்” என்றாள்.

அன்றிலிருந்து தம்பிக்கு நான்தான் ஓடும்பிள்ளை. அவனுக்கும் ஆசைக்குக் குறைவில்லை. ஒருநாள் கொடுக்காப்புளி வேணுமாம். ஒருநாள் நுங்கு வேணுமாம். தினமும் தண்ணீர் வேணும். பிள்ளை பெற்றவளுக்கு அத்தை வெந்நீரைக்கூட அளந்துதான் கொடுப்பாள். “தம்பிக்குத் தண்ணி தவிக்காம், பையப் போயி கொண்டா” என்பாள் அம்மா. நான் பானையில் செம்பை முக்கி, பாதியைப் பாவாடையில் சிந்திக்கொண்டு வந்து சேர்வேன். அவள் மடமடவென்று குடிப்பதைப் பார்க்கையில், இத்தனை சின்ன வயிற்றுக்கு இத்தனை தாகமா என்று தம்பியை நினைத்து ஆச்சரியப்படுவேன்.

கள்ளம் எத்தனை நாளைக்கு? தம்பிக்கு மாந்தம் வந்தது. வயிறு உப்பி, பால் கக்கி, கத்தித் தீர்த்தான். அத்தை பாயை உதறினாள். கொடுக்காப்புளி விதைகள் உருண்டன.

“ஏட்டி, இத எவ கொண்டாந்தா?”

“நாந்தான். தம்பி கேட்டான்” என்றேன், பெருமையாக.

அத்தைக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை போலிருக்கிறது. கடைசியில் காதைத் திருகினாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, “பெத்த புள்ளைய விட ஒனக்கு நாக்கு பெருசாப் போச்சா, ஏளா?” என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை பிழைக்க வேண்டுமே என்று அவள் தூங்காமல் கிடந்தாள். மருந்தை இடித்துக் காய்ச்சி, தம்பிக்குக் கொடுக்காமல் அம்மாவுக்குக் கொடுத்தாள். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்க, குணமானது தம்பிக்கு. ஆக, அத்தையும் என் வழியைத்தான் பிடித்தாள். அதற்கு எதற்கு என் காதைத் திருக வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

என்னை அறைக்குள் விடக்கூடாது என்று உத்தரவாயிற்று. நாதாங்கி என் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தம்பி என்ன கேட்கிறானோ என்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன். உள்ளே யாரும் யாரோடும் பேசுகிற சத்தம் இருக்காது.

பிறகு ஒருநாள் அத்தை துணி துவைக்க ஆற்றுக்குப் போனாள். கதவை நாதாங்கி போடாமல் சாத்தியிருந்தாள். நான் உள்ளே நுழைந்தேன். தம்பி பால் குடித்துக்கொண்டிருந்தான். அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்லி முடியாது. ஒரு கையால் இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள்.

“தம்பிக்கு என்ன வேணுமாம்?” என்று ரகசியமாகக் கேட்டேன்.

“ஒண்ணும் வேண்டாமாம்.”

“பொய்யி. தண்ணி வேணுமா?”

இல்லையென்று தலையாட்டினாள். தம்பியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, “அவன் அம்மையப் பாக்கணும்ங்கான்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு மடையன் உண்டா? “நீதான அவன் அம்மை! இங்கனதான இருக்க!” என்றேன். அவன் மோவாயைப் பிடித்து முகத்தை அம்மா பக்கம் திருப்பி, “ஏலே, நல்லாப் பாத்துக்கோ” என்றேன்.

அம்மா அழுதாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். பால் வற்றிப்போகும் என்று நான் பயந்துபோனேன். தம்பியின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. மற்றதுக்கெல்லாம் நான் ஓட வேண்டியிருந்தது. இதற்கு அவன் கண்ணைத் திறந்தால் போதும். கேட்டது கண்முன்னால் இருக்கும்போது, இவளை ஏன் இப்படி அழ வைக்கிறான்?